நாலாவது ஆள்

என் மகன் இன்னும் மூன்று வருடத்தில் எப்படிப்பட்ட ஆட்டக்காரனாக இருப்பான் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அவனுடைய போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. நான் குசினியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டு நின்றேன். அவன் மேசையில் இருந்து ஆங்கிலத்தில் ஒரு வரியும் எனக்காகத் தமிழில் ஒரு வரியுமாக வாசித்தான்.

"ஓட்டம் நல்லம். பிடி நல்லம். எறியிற கை பரவாயில்லை. அடி இன்னும் வளர வேணும்." விரலால் திரையைத் தள்ளினான். "வருங்காலத்தில இவன்ர இடம், நாலாவது அவுட்ஃபீல்டர்."

"அதென்ன நாலாவது? மூண்டு பேர்தானே அங்க நிக்கிறது?"

"அதுதான் அம்மா. அந்த மூண்டு பேரில ஆருக்கும் கால் பிரண்டா நான் போறது. இல்லாட்டி பெஞ்சில இருக்கிறது."

பேஸ்போல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. அடிக்கிறவனுக்கு வெகு தூரத்தில், புல்வெளியில், மூன்று பேர் நிற்பார்கள். அவர்கள்தான் அவுட்ஃபீல்டர். நடுவில் நிற்கிறவனுக்கு ஓட வேண்டிய நிலம் அதிகம். எந்தப் பந்து யாருடையது என்று கத்திச் சொல்கிறவனும் அவன்தான். அந்த இடத்துக்குச் சென்ரர் ஃபீல்ட் என்று பெயர். என் மகனுக்கு ஒன்பது வயதிலிருந்து அந்த நடு இடத்தைத் தவிர வேறு ஆசை கிடையாது. கிளப்பில் ஒவ்வொரு இலையுதிர் காலமும் இப்படி ஒரு பக்கம் எழுதுவார்கள். அடுத்த வருடப் பெரிய ரீமில், அதாவது முதல் அணியில், யாருக்கு எந்த இடம் என்பது அதை வைத்துத்தான். பல்கலைக்கழகங்களிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிறவர்கள் கையிலும் முதலில் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

"ஏன் அப்பிடிப் போட்டவங்கள்? உன்னைப் போல ஓடுறவன் அந்த ரீமில ஆர் இருக்கிறான்?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் கையில் கத்தி இருப்பதும் மறந்துவிடும்.

அவன் கீழே இருந்த இன்னொரு பகுதியை வாசித்தான். பயிற்சியில் ஊக்கம் குறைவு. காலையில் எழுப்புவது கடினம். முழங்கால் நோவு இருக்கலாம். விளையாட்டில் நீடிப்பான் என்பது சந்தேகம், படிப்பை நோக்கிப் போகக்கூடும். பிறகு ஒரு சின்ன வரி. அதை அவன் தமிழில் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. இந்தத் தகவல்களைத் தந்தவர், தாயார்.

"அம்மா, இது நீங்கள் சொன்னனீங்களோ?"

நான் கிழங்கைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னது நான்தான். ஒரு சொல் பிசகாமல் அவ்வளவையும் என் வாயால் சொல்லியிருந்தேன்.

யாரிடம் சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். நகரத்துக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக் குடியேறிய ஒரு அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல, மைதானத்தில் கிடைத்த அக்கா. முதல் வருடம் நான் எங்கள் அப்பார்ட்மெண்ட் இருக்கிற டோர்செட் பார்க்கிலிருந்து இரண்டு பஸ் மாறி மகனைக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே பெற்றோர் எல்லோரும் மடக்குக் கதிரையும் குளிர்பெட்டியுமாக வந்து இருப்பார்கள். நான் ஒரு துவாயை விரித்துப் புல்லில் இருந்தேன். அக்கா தன் வான் வண்டியிலிருந்து இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து விரித்து, "இதில இரும். புல்லு ஈரம், பேந்து நாரி இடுப்பெல்லாம் பிடிக்கும்" என்றார். அவருடைய மகனும் அவுட்ஃபீல்டர்தான். நடுவுக்கு இடப்பக்கம், லெஃப்ட் ஃபீல்ட்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் அக்காவின் வான்தான். எனக்கு லோரன்ஸ் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் இறங்க முடியாது. என் மனுசனுக்குத் தூரத்தில், பிறம்ரனில், கிடங்கு வேலை, அவர் வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அக்காதான் அவ்வளவு தூரம் தெற்கே இறங்கி வந்து என் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போவார். நான் ரோல்ஸும் வடையும் செய்து கொடுத்துவிடுவேன். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி என்னிடம் நிறைந்து வரும், என் பெட்டி அவரிடம் நிறைந்து போகும். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை.

ஞாயிறு ஆட்டங்களுக்கு நானும் கூடப் போவேன். அங்கே நாங்கள் கதைக்கிற கதையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது.

"உம்மட பெடியன் என்ன ஓட்டம் ஓடுறான்!" என்பார் அக்கா.

"ஓடுறான், ஓடுறான். கடைக்குப் போய் ஒரு பால் வாங்கிக்கொண்டு வா எண்டா மட்டும் குறுக்கால போவானுக்குக் கால் எழும்பாது. உங்கட மகன்ர அடியைச் சொல்லுங்கோ அக்கா."

"அந்த மொக்கனோ? கண்ணை மூடிக்கொண்டு வீசினவன், பந்து தானா வந்து பட்டுட்டுது."

இதுதான் எங்கள் முறை. தன் பிள்ளையைத் தான் புகழக் கூடாது, அடுத்தவர் புகழ்ந்தாலும் உடனே ஒரு குறையைச் சொல்லி மூடிவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணூறு, நாவூறு பட்டுவிடும். நாங்கள் வேதக்காரர், மாதா கோயிலில் ஞாயிறு பூசை தவறாது. ஆனாலும் மகன் ஒரு நல்ல ஆட்டம் ஆடிவிட்டு வந்தால் நான் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவனைச் சுற்றித் தாச்சியில் போட்டு எரிப்பேன். புகை எழும்பியதும் அப்பார்ட்மெண்டில் அலாரம் அலறும். மனுசன் துவாயால் விசிறிக்கொண்டு, "நாவூறு போகுதோ இல்லையோ, எங்களை வீட்டால போகச் சொல்லப் போறாங்கள்" என்று கத்துவார். சாமியார் கேள்விப்பட்டால் பேசுவார் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கு மட்டும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தானும் அதே வேலைதான் செய்வதாகச் சொன்னார்.

உண்மையில் என் மகனைப் பற்றி நான் என்ன நினைத்திருந்தேன்? கடையில் இன்றைக்கு எத்தனை இடியப்பம் அவிக்க வேண்டும் என்று காலையில் வானத்தைப் பார்த்துச் சொல்கிறவள் நான். பின்னேரம் ஒரு தட்டு மிஞ்சாது. ஒன்று எப்படிப் போய் முடியும் என்று முன்கூட்டிச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் அகங்காரமே உண்டு. மைதானத்திலும் எனக்குத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகள் பேட்டில் பந்து பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் ஓடத் தொடங்குவார்கள். இவன் அந்தச் சத்தத்துக்கு முன்னமே ஓரடி எடுத்து வைத்திருப்பான். ஒரு தடவை முதுகைக் காட்டிக்கொண்டு வேலி வரைக்கும் ஓடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலால் பந்தைப் பிடித்தான். அங்கே இருந்த தாய்மார் எல்லோரும் எழும்பிக் கத்தினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழும்பவில்லை. கையில் இருந்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, "விழுந்து பல்லை உடைக்கப் போறான் விசரன்" என்று அக்காவிடம் சொன்னேன். அவனிடமும், அன்றைக்கு வீட்டுக்குப் போய், சப்பாத்தில் சேறு பூசியதற்குப் பேசினேன்.

அந்த வருடம் அக்கா கிளப்பில் ரீம் மனேஜராகச் சேர்ந்தார். சம்பளமில்லாத வேலை. நேர அட்டவணை அனுப்புவது, படிவம் சேர்ப்பது, கோச்சுக்கு எழுத்து வேலையில் உதவுவது. அக்கா ஆங்கிலத்தில் கெட்டிக்காரி, நல்ல அலுவலகத்தில் இருந்தவர். செப்டெம்பரில் அந்த எதிர்காலப் பக்கத்துக்காக ஒரு படிவம் வந்தது. அதில் பெற்றோர் எழுத, கட்டம் போட்ட ஒரு பெரிய பெட்டி இருந்தது. வீட்டில் பிள்ளை எப்படி, உழைப்பு எப்படி, உடம்பு எப்படி, அவன் எதிர்காலத்தைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?

எனக்கு ஆங்கிலம் கதைக்க வரும், எழுத வராது. அக்கா சொன்னார், "நீர் வாயால சொல்லும், நான் எழுதிப்போட்டு விடுறன்." அவருடைய புது வீட்டுக் குசினியில் இருந்தோம். அவர் மடிக்கணினியைத் திறந்தார். நான் அவருக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, சொல்லும். பெடியன் எப்பிடி?"

"என்னத்தைச் சொல்ல? விடியக் காலமை எழுப்பிறதெண்டா எனக்குச் சீவன் போகும். பயிற்சிக்குக் கலைச்சுத்தான் அனுப்ப வேணும்."

"உடம்பு?"

"முழங்கால் நோகுது முழங்கால் நோகுது எண்டு ஒரே முனகல். வளர்ற வயசு."

"எதிர்காலம்?"

"உவன் எங்க பேஸ்போல் விளையாடப் போறான்? ரெண்டு வருசம் ஓடிப்போட்டு, பேந்து கணக்குப் படிக்கப் போயிடுவான்."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டு தட்டினார். கடைசியில், "வடிவா எழுதி விடுங்கோ அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே" என்றேன். "எனக்குத் தெரியாதோ! நீர் வெங்காயத்தை வெட்டும்" என்றார். அதுதான் என் பிழை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன், அவர் நிமிர்த்தி எழுதுவார் என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, கெட்டது என் பிள்ளை.

பக்கம் வந்த அடுத்த நாள் நான் கோச்சைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதன், வெள்ளைக்காரன், மரியாதையாகக் கதிரை தந்தான். என் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தேன். இது எங்கள் பழக்கம், பிள்ளையைப் புகழக் கூடாது, அதனால் குறை சொல்வோம், அது குறை இல்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது விசர்க் கதையாகத் தெரிந்தது. அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கு வடிவாக விளங்கியது. எல்லாப் பெற்றோரும் தங்கள் பிள்ளை வானத்தையே பிடிப்பான் என்றுதான் எழுதுவார்களாம், அதை அவர்கள் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லையாம். ஆனால் பெற்ற தாயே குறை சொன்னால் அதில் உண்மை இருக்கும் என்று எடுப்பார்களாம். அடிக்கிற கை தேறுமா தேறாதா என்று இரண்டு மனமாக இருந்தபோது, அந்தப் பெட்டியில் இருந்ததுதான் முடிவைத் தந்ததாம். பக்கம் எல்லாருக்கும் போய்விட்டது, இனி அடுத்த வருடம்தான்.

அதைக் கேட்டபோதும் நான் அக்காவைச் சந்தேகிக்கவில்லை, ஆண்டவர் சத்தியமாக. ஏதோ அவசரத்தில் அப்படியே எழுதிவிட்டார், பாவம், கேட்டால் அழுதுவிடுவார் என்றே நினைத்தேன். அவருக்காகவே மனதுக்குள் சமாதானம் தேடிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிழமை அவருடைய மகன் தன்னுடைய பக்கத்தை என் மகனுக்குக் காட்டியிருக்கிறான். அந்தப் பிள்ளையில் ஒரு சூதும் இல்லை, கூட்டாளிக்குக் காட்டுவது போலக் காட்டியிருக்கிறான். அதில் தாயார் தந்த தகவல் இருந்தது. பிறவித் தலைவன். பயிற்சிக்கு முதல் ஆளாகப் போகிறவன். ஒரு நாளும் உடம்பில் ஒரு முறைப்பாடு இல்லை. இந்த விளையாட்டுக்காக எதையும் விடத் தயாரானவன். அடுத்த வருட இடம், சென்ரர் ஃபீல்ட்.

மகன் இதைச் சொல்லி முடித்தான். மேல் தட்டிலிருந்து அக்காவின் பெட்டியை எடுத்தேன். போன கிழமை அதில் அவர் தொதல் அனுப்பியிருந்தார். கழுவித் துடைத்து, ஒன்றும் போடாமல், வெறுமையாக மூடினேன். மனுசனைக் கார் எடுக்கச் சொன்னேன். ஸ்ரௌவ்வில் போகும் வரைக்கும் அந்தப் பெட்டி என் மடியில் இருந்தது.

அக்கா கதவைத் திறந்து, "வாரும் வாரும்" என்று பெட்டியை வாங்கினார். கையில் பாரமில்லை என்று தெரிந்ததும் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே வரச் சொன்னதை நிறுத்திவிட்டார்.

"ஏன் அக்கா அப்பிடி எழுதினனீங்கள்?"

"எப்பிடி? நீர் சொன்னதைத்தானே எழுதினனான். ஒரு சொல்லுக் கூட்டேல்லை."

"உங்கட மகனை மொக்கன் மொக்கன் எண்டு ரெண்டு வருசமா என்னட்டைச் சொன்னனீங்களே. அதையும் எழுதினனீங்களோ?"

அவர் பெட்டியின் மூடியை அமுக்கினார், அது ஏற்கெனவே வடிவாக மூடித்தான் இருந்தது. "அது கதைக்கிறது," என்றார். "இது எழுதுறது."

வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னைக் கொன்றது. தெரியாமல் செய்திருந்தால் இரண்டு நாள் சண்டை பிடித்துவிட்டு மூன்றாம் நாள் வடை சுட்டுக்கொண்டு போயிருப்பேன். கூட இருந்தே குழி பறிக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்கு மண்வெட்டியை நானே எடுத்துக் கொடுப்பேன் என்று நினைக்கவில்லை. "உங்கட பிள்ளை நல்லா இருக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். திட்ட வேண்டும் என்று கார் நிறையச் சொல் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வரும்போது மனுசனிடம்தான் அவ்வளவையும் கொட்டினேன். அவர் ஒரு பிழையும் செய்யாமல் ஏச்சு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து மகனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாவூறு பற்றி, ஏன் நாங்கள் அப்படிக் கதைக்கிறோம் என்பது பற்றி, அக்காவுக்கு அது தெரியும் என்பது பற்றி. அவனுக்கும் அவர் மேல் கோபம் வரும், இரண்டு பேரும் சேர்ந்து கோபித்துக்கொள்வோம், அதில் எனக்கு ஒரு ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அன்ரி பொய் எழுதேல்லை அம்மா. She wrote what you said."

"அதுதான் சொல்றன், அது சும்மா சொன்னது எண்டு!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கும் அதைத்தானே ஒவ்வொரு நாளும் சொல்லுவீங்கள். சோம்பேறி, விசரன், விழுந்து பல்லை உடைக்கப் போறாய். நான் நல்லா விளையாடுறன் எண்டு ஒருக்காலும் நீங்கள் சொல்லேல்லை. அந்தப் பேப்பரை வாசிக்கேக்க எனக்குப் புதுசா ஒண்டும் இருக்கேல்லை."

"நீ நல்லா விளையாடுவாய், ராசா. அந்த ரீமிலயே நீதான் திறம்," என்றேன். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. என் குரல் எனக்கே யாரோ அயல் வீட்டுக்காரியின் குரல் மாதிரிக் கேட்டது.

"இப்ப சொல்லாதேங்கோ," என்றான். "பாவம் பாத்துச் சொல்ற மாதிரிக் கிடக்கு."

அடுத்த கோடை முழுவதும் அவன் நாலாவது ஆளாகத்தான் இருந்தான். கடையில் கெஞ்சிச் சனிக்கிழமை ஓய்வு வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸில் போனேன். மடக்குக் கதிரை ஒன்று என் காசில் வாங்கி, அக்கா இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் விரித்தேன். நடுவில் அவருடைய மகன் நின்றான். நல்ல பிள்ளை, நன்றாக அடிப்பான், ஆனால் சத்தம் கேட்ட பிறகுதான் ஓடுவான். அவன் தலைக்கு மேலால் பந்து போகும்போதெல்லாம் என் மகன் பெஞ்சில் இருந்தபடியே அந்தப் பக்கம் ஓரடி நகர்வதைப் பார்த்தேன். அதை வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் கடைசிச் சுற்றில் அவனை இறக்கினார்கள். ஒரு பந்து வந்தது, ஓடிப் பிடித்தான். நான் கதிரையிலிருந்து எழும்பி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மைதானமே கேட்கக் கத்தினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தாய் உங்கள் மகனா என்று கேட்டாள். ஓம் என்றேன். நன்றாக விளையாடுகிறான் என்றாள். ஓம், நன்றாக விளையாடுகிறான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நாவூறுக்குப் பயந்து, கதிரையின் மரக்கையைத் தொட்டுக்கொண்டேன். பழக்கம் போகாது.

இலையுதிர் காலம் வந்தது. அந்தப் படிவமும் வந்தது. இந்த முறை நான் தயாராக இருந்தேன். கடையில் வேலை செய்யும் ஒரு பிள்ளையிடம் கேட்டு, என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதிப் பழகி ஒரு தாள் வைத்திருந்தேன். சத்தத்துக்கு முன்னமே ஓடுகிறவன் என்று அதில் எழுதியிருந்தேன். மகன் படிவத்தை அச்சடித்துக் குசினி மேசைக்குக் கொண்டுவந்தான். பெற்றோர் எழுத வேண்டிய பெட்டி அடி வரைக்கும் நிரம்பியிருந்தது. எழுத்து அவனுடையது.

"நான் எழுதி வைச்சிருக்கிறன், ராசா," என்று என் தாளை நீட்டினேன்.

"வேண்டாம் அம்மா. நானே எழுதிட்டன்."

"என்ன எழுதினனி? அம்மா சொன்னதெண்டுதானே போகும். நான் ஒருக்கா வாசிக்கிறனே."

அவன் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து மறைத்தான். பெரிய கையாகிவிட்டது, கிளவுஸ் போட்டுப் போட்டு விரல்கள் நீண்டிருந்தன. மற்றக் கையால் பேனையை என் பக்கம் தள்ளினான்.

"கையெழுத்தை மட்டும் போடுங்கோ," என்றான். "ஒண்டும் சொல்லாதேங்கோ."

நான் போட்டேன்.